ஞிஞ்ஞா என்று யாரும் சொல்லக் கூடாது

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று உன் அம்மா காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதற்கு மேல் நான் விசாரிக்க என்ன இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போன் செய்கிறாய், அதை உன் அம்மா தவறாமல் பிடித்துக்கொள்கிறாள், எல்லாம் பேசி முடித்து, போன் இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சூடான பிறகு என் கைக்கு வருகிறது. நான் "சாப்பிட்டியா" என்கிறேன், நீ "சாப்பிட்டேம்ப்பா" என்கிறாய், அதோடு பேட்டரி போய்விடுகிறது. பெற்ற மகளோடு இவ்வளவு பேசக் கிடைத்ததே பெரிய பாக்கியம். அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல், சலவைக்கு வந்த சட்டைக் காலர்களில் இருப்பதை எழுத்துக் கூட்டிக் கூட்டித் தானாகப் படித்த இந்தக் கையை நம்பி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், அல்லது பொறுக்காதே, திருத்திக்கொள்ள எனக்கு உத்தேசம் இல்லை.

விஷயம் உன் மகளைப் பற்றியது. நம் சலவைக் கடையில் அவளுக்கு இப்போது மேஸ்திரி என்று பெயர். இரண்டரை வயதில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைக்கு மேசை போய், மடித்த துணியை எல்லாம் குலைத்துப் பார்த்து, சரியில்லை என்று தலையாட்டிவிட்டுப் போகிறாள். இஸ்திரி போடுகிறவர் என்னைக் கண்டுகூட அப்படிப் பயந்ததில்லை. நீ ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது அவள் எப்போது சாப்பிட வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும், இருமினால் என்ன, இருமாவிட்டால் என்ன என்று எல்லாம் சொல்லிவிட்டுப் போனாய், உன்னை நாங்கள் வளர்க்காமல், கூழாங்கல் மாதிரி நீயே உருண்டு வளர்ந்தாய் பார். ஆனால் ஞிஞ்ஞா கேட்டால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடு என்று நான் சொன்னேன், நீ "அப்பா, இதுல நீங்க தலையிடாதீங்க" என்றாய். நான் தலையிடவில்லை. இப்போது அந்தத் தலை என் மடியில் கிடக்கிறது.

இந்த ஞிஞ்ஞா என்ற சொல்லைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அதன் அழகு தெரிந்தது. ஞி என்று தொடங்கும் எதையும் இத்தனை வருஷத்தில் எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை. அவளுக்கு அது பழக்கமான எழுத்து. பால் என்கிற நல்ல சின்னச் சொல் ஒன்று இருக்கிறது, நான் அதைச் சொல்லிக் கொடுத்தேன். டம்ளரில் பால் வைத்துக் கொடுத்தால் "இது பாலு" என்று தெளிவாகச் சொல்லிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஞிஞ்ஞா?" என்கிறாள். உனக்கும் இப்படி ஒன்று இருந்தது, டொய்யி என்பாய். உன் அண்ணன் பாப்பாங் என்பான், அது போதாதென்று இடத்து பாப்பாங், வலத்து பாப்பாங் என்று பிரித்து வேறு வைத்திருந்தான், இன்றைக்கு அவன் நிலம் அளக்கிற வேலையில் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பக்கத்துக் கடை டெய்லர் வீட்டுப் பையன் அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்திருந்தான், தையல் கடையில் யாராவது பட்டன் என்று வாயெடுத்தால் அம்மாவிடம் ஓடி வருவான், வாடிக்கையாளர் முன்னால் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்து போகும். ஊரில் எத்தனை பிள்ளையோ அத்தனை பாஷை. அகராதி போடுகிறவர்கள் இதை எல்லாம் கவனிப்பதே இல்லை.

நீ போன புதிதில் மேஸ்திரி ஒரு நாளில் எத்தனை தடவை கேட்பாள் என்று நான் எண்ணவில்லை, எண்ணினால் கடை நடக்காது. உன் அம்மா பிஸ்கட் கொடுத்தாள், பொம்மை கொடுத்தாள், ஒரு தடவை தன் மடியில் படுக்க வைத்து ஆறுதல் சொன்னாள், பிள்ளை அவள் ரவிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. அப்போதுதான் உன் சித்தி வந்தாள். அவளுக்குப் பிள்ளை வளர்ப்பில் உள்ள ஞானம் உனக்குத் தெரியும், அவள் வளர்த்த இரண்டும் இன்றைக்கும் அவளிடம் பேசுவதில்லை. "நீங்க எல்லாரும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே ஞாபகப்படுத்துறீங்க. ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது. அது சொன்னாலும் காதுல விழாத மாதிரி இருங்க. பத்தே நாள்ல மறந்துரும்" என்றாள். உன் அம்மாவுக்கு அது வேதவாக்கு. மாப்பிள்ளையைக் கேட்கலாம் என்றால் அவர் கப்பலில் இருக்கிறார், அவருடைய கருத்து அவரோடுதான் கரைக்கு வரும்.

சரி, வீட்டில் முடிவாகிவிட்டது, நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கடைக்குள் அந்தச் சொல்லுக்குத் தடை என்று அறிவித்தேன். டெய்லர் வழக்கம்போல உள்ளே வந்து, "என்ன மேஸ்திரி, இன்னைக்கு ஞிஞ்ஞா கெடச்சுதா?" என்று ஆரம்பித்தார், கத்தரிக்கோலோடு அவரை வெளியே அனுப்பினேன். "யோவ், உம்ம கடையில வார்த்தைக்கும் சலவை உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் ஒரு வாரம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. மேஸ்திரி கேட்டபோது நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன், உன் அம்மா சுவரைப் பார்த்தாள், இஸ்திரி போடுகிறவர் கூரையைப் பார்த்தார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு நாள் வாயைத் திறந்து ஞி வரைக்கும் வந்து, என் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வெற்றி. உன் அம்மா உனக்குப் போனில் "மறந்துட்டாடி, சுத்தமா மறந்துட்டா" என்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. நீ "அப்பாடா" என்றாய். அடுத்த ஞாயிறு, அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், குழந்தைதான் மறந்துவிட்டாளே, போடலாம் என்று நினைக்கிறேன் என்றாய். பிரசவ வார்டில் புதிதாகப் பெற்றவர்களுக்கு எல்லாம் பிள்ளையை எப்படி மார்பில் போட்டுக்கொள்வது என்று நீ உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாயாம். நல்ல வேலை, நல்ல பெயர். ஊரார் பிள்ளைக்கு எல்லாம் ஞிஞ்ஞா கிடைக்கட்டும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வந்திருந்தன. மேஸ்திரியைக் காணோம். தேடிப் பார்த்தால் பெரிய மேசைக்கு அடியில், அழுக்குத் துணி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் படுத்திருக்கிறாள். கையில் உன்னுடைய பழைய நீல நைட்டி, பை கிழிந்தது, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாயே, அது. அதை எப்போது இழுத்துக்கொண்டு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அதன் கழுத்துக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஞிஞ்ஞா, ஞிஞ்ஞா என்று சத்தமே வராமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குனிந்ததைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்தே "நான் சொல்லல தாத்தா" என்றாள்.

உன் சித்தி சொன்ன மறதி இதுதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததைப் பற்றி உன் அம்மா உனக்கு வேறு மாதிரி சொல்வாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த நைட்டியில் மேசைக்கு அடியில் இருக்கிற தூசி அத்தனையும் இருந்தது, எச்சில், பிஸ்கட், மூக்குச் சளி, இஸ்திரிக் கரி. பிள்ளை அதில் முகத்தை வைத்துக்கொண்டு படுப்பதா? அவள் தூங்கியதும் எடுத்து, ஊரில் யார் பட்டுக்கும் கொடுக்காத கவனத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு தடவை அலசி, நிழலில் உலர்த்தி, கிழிந்த பையை டெய்லரிடம் கொடுத்துத் தைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, மறுநாள் அவள் கையில் கொடுத்தேன். புதுத்துணி மாதிரி இருந்தது. அவள் வாங்கி முகர்ந்தாள். புரட்டினாள், கழுத்துப் பக்கம் முகர்ந்தாள், மறுபடி முகர்ந்தாள். பிறகு கையைப் பின்னால் கட்டாமல், இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய், வாடிக்கையாளருக்குக் கொடுக்க அடுக்கி வைத்த துணிகளின் மேல் வைத்துவிட்டு, "இது கடைத் துணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அம்மா என்னைப் பார்த்து, "துணியோட சேத்து மூளையையும் வெளுத்துட்டீங்களா? அதுல மிச்சம் இருந்ததே அந்த வாசனைதானேய்யா" என்று கேட்டாள். தடை போட்டதே அவளும் அவள் தங்கையும்தான் என்று நான் ஞாபகப்படுத்தினேன், அன்றைக்கு எனக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. அன்றிலிருந்து மேஸ்திரி வருகிற ஒவ்வொரு அழுக்கு மூட்டையையும் பிரித்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறாள். இஸ்திரி போடுகிறவர் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

நான் தப்புச் செய்தேன் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா என்று தேடாதே. அழுக்குத் துணியைத் துவைப்பது தப்பானால் நான் வாழ்ந்ததே தப்பு. உன்னை வா என்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் பாடு, உன் வேலையை விடச் சொல்ல எனக்கு என்ன உரிமை, நான் தலையிடாதவன். ஆனால் குழந்தை மறந்துவிட்டாள் என்பதை நம்பிப் போடாதே. அவள் மறக்கவில்லை, எங்களுக்காகச் சும்மா இருக்கிறாள். இரண்டரை வயசில் இவ்வளவு பொறுமை யாரிடமிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

தடையை எடுத்துவிட்டேன். நானே டெய்லர் கடைக்குப் போய், இனி தாராளமாகச் சொல்லலாம் என்று சொன்னேன், அவர் உடனே வந்து மேஸ்திரி முன்னால் நின்று ஞிஞ்ஞா, ஞிஞ்ஞா என்றார், நானும் சொன்னேன், இந்த வயசில். அவள் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆகவே வருகிற ஞாயிறு போன் செய்யும்போது உன் அம்மாவிடம் கதை பேசாமல் முதலில் அவளைக் கூப்பிட்டு நீ அந்தச் சொல்லைச் சொல். கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. அங்கே குளிர் அதிகம் என்றாய், காலில் எதையாவது போட்டுக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நோய் நொடி இல்லாமல், யார் சொல்லையும் கேட்காத உன் குணத்தோடேயே நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

மறக்காமல் ஒன்று செய். நீ ஒரு வாரம் போட்டுப் படுத்த நைட்டி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி உடனே பார்சலில் அனுப்பு. துவைத்துவிடாதே. சோப்புத் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதே. வாழ்நாளில் ஒருவரிடம் அழுக்குத் துணியை அழுக்காகவே கொடு என்று நான் கேட்பது இதுதான் முதல் தடவை. பார்சலை நான் பிரிக்க மாட்டேன், மேஸ்திரி கையில் அப்படியே கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் துணியில் இனி கை வைக்காத
அப்பா