ஈரம் காயாத ஜாடி

வொல்லங்காங்,
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள ரொவீனா,

உன் தந்தையின் இடுப்பு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி பெரும் ஆறுதல் தந்தது. மேற்கொண்டு படிக்குமுன் இரண்டு உண்மைகளை மனத்தில் இருத்திக்கொள்: எவருக்கும் பெரிய காயமில்லை, உன் ஆய்வு அழியவில்லை. தொலைபேசியில் சொல்லியிருந்தால், முதல் வாக்கியத்திலேயே அவரை விட்டுவிட்டு டாஸ்மேனியாவிலிருந்து விமானம் ஏறியிருப்பாய்.

செவ்வாயன்று உன் ஆய்வகத்தில் தீப்பற்றியது. அம்மோனியாவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் உன் நிக்கல்-கோபால்ட் துகளை, ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனத்தார் முன் நடக்கவிருந்த சோதனைக்காக உன் உதவியாளர் லாக்லன் வடிகட்டியிருக்கிறார். உறிஞ்சு பம்பை நிறுத்தாமல் தேநீருக்குப் போய்விட்டார். தூள் உலர்ந்தது. அலுமினியத்தைக் காரத்தில் கரைத்துத் துகளில் நீ உண்டாக்கிய அத்தனை துளைகளிலும் காற்று புகுந்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணலைக் கொட்டி அணைத்தார். இழப்பு, அவருடைய வலப்புருவமும் ஆய்வகத்திலிருந்த துகள் முழுவதும்.

உடனே என்னை அழைத்தார். "டெஸ்மண்ட், உன் பொண்டாட்டி என்னை உயிரோட விடமாட்டா. அவ முதல்ல செஞ்ச தூளுக்கப்புறம் எத்தனை தடவை செஞ்சும் அந்த மாதிரி ஒண்ணுகூட அமையலையே!" என்று அழாத குறையாகப் பேசினார்.

அந்தத் துகளில் ஒரு பங்கை, நீர் நிரப்பிய ஜாடியில், என் வழக்கறிஞர் அலுவலகத்தில் வைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்தியபோது, "என் கறுப்புத் தூளையும் சாட்சிக் கூண்டுல ஏத்தப் போறியா?" என்று நீ சிரித்தாய், பிறகு கோபித்தாய். கட்சிக்காரரே என் மனைவி என்பதால் உன் காப்புரிமைக் கோப்பை நான் தொடுவதில்லை. ஜாடியைத் தொட எந்தச் சட்டமும் தடையில்லை.

மூடியை இறுக்கினால் உள்ளே வாயு சேரும் என்று நீ எச்சரித்திருந்தாய். தளர்த்தி வைத்தால் நீர் வற்றும். ஆகவே வெள்ளிதோறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிவந்தேன். என் செயலாளர் பிரான்வென், "என்ன டெஸ்மண்ட், மீனே இல்லாத தொட்டிக்கு இவ்வளவு கவனிப்பா?" என்று கேலி செய்வாள். உன்னிடம் சொல்ல அவசியம் எழவில்லை.

லாக்லன் அழைத்ததும் அந்த ஜாடியைக் காரில் உன் இருக்கையில் வைத்து, பட்டையும் போட்டு, ஆய்வகத்துக்கு மெதுவாக ஓட்டிச் சென்றேன். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பிய வண்ணம் இருந்தார்கள். நேற்றுச் சோதனை நடந்தது. லாக்லன் கத்தினார்: "துளைங்க அப்படியே இருக்கு! வாயு கொட்டுது! எனக்குத்தான் ஒத்தைப் புருவம், பாதி ஆச்சரியம்தான் படமுடியுது." நிறுவனத்தாரும் சிரித்துவிட்டார்கள், தொடர ஒப்புக்கொண்டார்கள். அவரிடம் கடிந்து பேசாதே, போதுமான அளவு நடுங்கிவிட்டார்.

எஞ்சியது இனி ஆய்வகத்திலேயே, நீருக்கடியில், லாக்லனின் பொறுப்பில் இருக்கும். அது முறையான ஏற்பாடுதான். ஆயினும் இன்று மாலை, வழக்கம்போல் நீர்ப்புட்டியை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்த பிறகுதான் ஜாடி அங்கே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவசரமில்லை. உன் தந்தை தோட்டவாசல்வரை தனியாக நடக்கட்டும். அதன்பின் ஒரு நாளும் தாமதிக்காதே.

உன் வருகைக்கு வாசல் விளக்கை அணைக்காதிருக்கும்,
டெஸ்மண்ட்