இடிக்குப் பயந்த லேப்டாப்

மாமா,

இன்று மதியம் பீரோ மேலிருந்து பழைய லேப்டாப் பையை இறக்கி ஜிப்பைத் திறந்தேன். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. கரப்பான் பூச்சி உள்ளே போய் முட்டை வைத்துவிடும் என்று நீங்கள் போட்டு வைத்த உருண்டைகள், மிளகு அளவுக்குத் தேய்ந்து மூலையில் கிடந்தன. பட்டுப் புடவைக்குப் போடுவதை லேப்டாப்புக்குப் போட்ட ஒரே ஆள் இந்த மார்க்கையன்கோட்டையில் நீங்களாகத்தான் இருக்கும். மூடியின் மேல் நீங்கள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு வேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நான் கல்லூரியில் படித்தபோது கிடைத்த லேப்டாப் அது. சீர்வரிசையோடு சேர்ந்து இந்த வீட்டுக்கு வந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு புதிதாக ஒன்று வாங்கினேன், அதன் திரை முந்தாநாள் இருண்டுபோனது. பழனிசெட்டிபட்டிக் கடையில் கொடுத்தால், மதுரையிலிருந்து புதுத் திரை வர வேண்டும், சில நாளாகும் என்றார்கள். எனக்கோ இன்று நான்கு மணிக்கு நேர்முகத் தேர்வு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. பாடம் நடத்திக் காட்ட வேண்டும், போனில் கூடாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எதற்கு ஏங்கினேன் என்று உங்களை விட யாருக்குத் தெரியும்?

சார்ஜரைச் சொருகியதும் லேப்டாப் கிழவன் முனகிக்கொண்டே எழுந்தான். எல்லாம் வந்தது, நெட் மட்டும் வரவில்லை. மோடத்தில் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன, என் போனில் படம் ஓடுகிறது. லேப்டாப்பில் மட்டும் ஒரு வைஃபை பெயர்கூடத் தெரியவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். போனில் ஹாட்ஸ்பாட் வைத்து அதன் மூக்குக்கு முன்னாலேயே நீட்டினேன். ம்ஹூம். உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். தேனி ஆபீஸில் இருந்தார்.

"ரீஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப மறுபடியும் ஒருக்கா பண்ணு."

உங்கள் மகன் அல்லவா, வேறென்ன சொல்வார்.

நெட் என்றால் உங்களுக்கு என்ன ஆசை, மாமா! முதல் முதலில் நான் உங்கள் தோட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தில் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். வாய்க்கால் தெரிந்தது, மோட்டார் ரூம் தெரிந்தது. வாழைக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ ஒரு புள்ளி. "ஏ ஆத்தா, எவன் மாடோ உள்ள மேயுது!" என்று கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அது எப்போதோ எடுத்த படம் என்று நான் வாசல் வரை கத்திக்கொண்டே வந்தேன். காதில் வாங்கினால்தானே? திரும்பி வந்து, "நான் போறதுக்குள்ள ஓடிருச்சு" என்றீர்கள். மறுநாள் நீங்களே திறந்து பார்த்துவிட்டு, "திமிரப் பாரேன், அதே எடத்துல வந்து நிக்கிது" என்று மறுபடியும் கம்பைத் தேடினீர்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து, நீங்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தீர்கள்.

அந்த ஆசையெல்லாம் வானம் தெளிவாக இருக்கும் வரைதான். மேகமலைப் பக்கம் கருத்துவிட்டால் தோட்டத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவீர்கள். டிவி வயர், மோடம் வயர், லேப்டாப் வயர் எல்லாவற்றையும் பிடுங்கிச் சுருட்டி வைத்தால்தான் உங்களுக்கு மூச்சே வரும். வைஃபை என்பது வயர் இல்லாமல் வருவது, அதற்கும் இடிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு தடவை பொறுமையாக விளக்கினேன்.

"வயரு இல்லாம நெட்டு வருதுன்னா, வயரு இல்லாம இடி வராதாக்கும்? வானத்துல இருந்து அது என்ன வயரப் புடிச்சா எறங்குது?"

எம்.எஸ்ஸி. கணக்குப் படித்த நானே எழுந்துபோய் மோடம் வயரைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

இதே போல ஒரு வேலைக்கு அப்போதும் ஒரு நேர்முகத் தேர்வு நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி மாதம். பாதி பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் இடி. ஈரக் காலோடு ஓடி வந்து பிடுங்கினீர்கள். பேட்டரி ஏற்கெனவே செத்திருந்ததால் திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அம்மாளும் அந்த வேலையும் ஒன்றாக மறைந்துபோயின. நான் கோபத்தில் உங்கள் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனேன். அந்த வாரமே ஆள் கூட்டி வந்து மொட்டை மாடியில் இடிதாங்கி நட்டீர்கள். எதிர் வீட்டுக்காரர், "என்னண்ணே, வீட்டுக்குக் கோபுரம் வைக்கிறீகளா?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"மருமக ஆபீசு இங்கனதானப்பா இருக்கு. ஆபீசுன்னா எல்லாம் இருக்கணும்ல?" என்றீர்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேலையே இல்லாத எனக்கு ஓர் ஆபீஸ் இருப்பதாக ஊரில் ஒருவர் நம்பினார் என்பது எவ்வளவு பெரிய விஷயம், மாமா. என் கோபமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆனால் இடிதாங்கி வந்த பிறகும் நீங்கள் வயரைப் பிடுங்குவதை மட்டும் விடவே இல்லை.

மணி மூன்றரை ஆகிவிட்டது. கடைக்காரரிடம் மாடல் எண்ணைச் சொல்லி வழி கேட்கலாம் என்று லேப்டாப்பைக் கவிழ்த்தேன். முன் விளிம்பில் ஏதோ நகத்தில் இடறியது. தள்ளுகிற மாதிரி ஒரு குட்டி சுவிட்ச், அணைந்த பக்கமாக இருந்தது. புது லேப்டாப்பில் இப்படி ஒன்று கிடையாது என்பதால் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. இதைத் தள்ளினால் வைஃபை நின்றுவிடும் என்று உங்களுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். அன்றிலிருந்து வயரைப் பிடுங்கிய கையோடு இதையும் தள்ளிவிடுவீர்கள். கடைசியாக இதை மூடி வைத்ததும் நீங்கள்தான். அன்றும் எங்கோ இடித்திருக்கிறது. அடுத்த வாரம் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நீங்கள் தள்ளி வைத்ததை நகர்த்த எனக்கு மனசே வரவில்லை. அழுதேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, சுவிட்சைத் தள்ளினேன். பொட்டு மாதிரி நீல விளக்கு எரிந்தது. தெருவில் உள்ள வைஃபை பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

தேர்வு வைத்த மேடம் நான்காம் வகுப்புப் பிள்ளையைப் போலக் கேள்வி கேட்டார், நான் பின்னம் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன் மாமா, எனக்கே தெரிந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்று சொல்லிவிட்டார். பிறகுதான் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "படிச்சு முடிச்சு இத்தனை வருஷம் எங்கேயும் வேலை பார்க்கலையே, இடையில என்ன பண்ணீங்க?" என்றார். குழந்தை, வீடு என்று சொல்லத்தான் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஒரே ஒரு ஸ்டூடன்டுக்குச் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தேன் மேடம். எங்க மாமனார். கம்ப்யூட்டர் கத்துக்கணும்னு ரொம்ப ஆசை" என்றேன். நீங்கள் மாடு விரட்டப் போன கதையையும் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இப்ப எப்படி இருக்காரு உங்க ஸ்டூடன்ட்?"

"நல்லா இருக்காக மேடம்" என்றேன்.

சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். பொய்யாகவே படவில்லை.