ஹேக்கன்ஷா, ஏக்கன்ஷா

லீட்ஸ்
4 மார்ச் 1961

மதிப்பிற்குரிய அம்மணி,

எங்கள் ஹேக்கன்ஷா குடும்பச் சங்கத்தில் சேர நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. மன்னிக்கவும். எங்கள் பெயர் 'ஹ'வில் தொடங்குகிறது, உங்களுடையதில் அது இல்லை. உங்கள் பக்கத்தார் பேசும்போது 'ஹ'வை விழுங்குவது ஊரறிந்த விஷயம். விழுங்கியதையே பெயராக எழுதிக்கொண்டவர்களை உறவென்று ஏற்க எங்கள் விதியில் இடமில்லை. ஜூனில் உங்கள் கார்ஸ்டேல் தேவாலயத்தில் எங்கள் முன்னோர் நினைவாக நாங்கள் பதிக்கவிருக்கும் கல்வெட்டிலும் ஹேக்கன்ஷாக்கள் மட்டுமே இருப்பார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பெர்சிவல் ஹேக்கன்ஷா, செயலாளர்


கார்ஸ்டேல்
9 மார்ச்

ஐயா,

உங்கள் கடிதத்தை ஆட்டுக்கொட்டகையில் நின்றபடியே படித்தேன். குட்டி ஈனும் காலம், உட்கார நேரமில்லை. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அந்தத் தேவாலயக் கல்லறை முற்றத்தில்தான் கிடக்கிறார்கள். அவர்கள் தலைமாட்டிலேயே வந்து, அவர்களை யாரோ என்று கல்லில் வெட்டுவீர்களா? விடமாட்டேன்.

தபால்காரர் ஜாப் கேட்டார்: "ஏம்மா, ஒரே ஒரு எழுத்துக்கா இம்புட்டுச் சண்ட?"

"எழுத்த அவங்களே வெச்சுக்கட்டும்யா. எங்கப்பன விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றேன்.

பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் பாதிரியாரிடம் சாவி வாங்கியிருக்கிறேன்.

டோர்கஸ் ஏக்கன்ஷா


கார்ஸ்டேல்
2 ஏப்ரல்

ஐயா,

கிடைத்துவிட்டது! நான் போட்ட கூச்சலில் பாதிரியாரின் மனைவி ஓடிவந்து, "யாரு விழுந்தா?" என்றார். "யாரும் விழல, ஒரு 'ஹ'தான் விழுந்துச்சு" என்றேன்.

1743 வரை பதிவேட்டில் அத்தனை பேரும் ஏக்கன்ஷாதான். ஓக் மரத்தோப்பு என்று பொருள். அந்தத் தோப்பில் இன்றும் என் ஆடுகள் மேய்கின்றன. அந்த வருடம் தெற்கிலிருந்து ஒரு புதுப் பாதிரியார் வந்தார். பக்க ஓரத்தில் அவர் கைப்பட எழுதியிருப்பது இது: 'இவ்வூரார் ஹகரத்தை விழுங்குகிறார்கள். நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.' அப்படி அவரிடம் 'ஹ' வாங்கிய முதல் குழந்தை ஜோனாஸ். அப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யார் கேட்பது?

அவனுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற அண்ணன் ஆப்ரகாம் ஏக்கன்ஷாவாகவே பண்ணையில் தங்கினான். தம்பி ஜோனாஸ் ஹேக்கன்ஷாவாக லீட்ஸுக்கு நெசவுக்குப் போனான். உங்கள் சங்கத்து வம்சப் படத்தில் உச்சியில் இருப்பவன் அவன்தானே? அவன் பேரன்கள் அந்த 'ஹ'வை ஹல் துறைமுகம், டாஸ்மேனியா, கனடா வரை சுமந்து போயிருக்கிறார்கள். நாங்கள் எதையும் விழுங்கவில்லை ஐயா, உங்களுக்குத்தான் ஊட்டிவிட்டிருக்கிறார்கள்.

பாதிரியார் ஒப்பமிட்ட நகலை இணைத்திருக்கிறேன். இனி என் அப்பாவை யாரோ என்று சொல்லிப் பாருங்கள்.

டோர்கஸ் ஏக்கன்ஷா


லீட்ஸ்
20 மே

அன்புள்ள டோர்கஸ் அக்கா,

ஆறேழு வாரம் பதில் போடாததற்கு என்ன திட்டினாலும் தகும். நகலைக் கூட்டத்தில் வாசித்தேன். உடனே எங்கள் மார்த்தா அத்தை எழுந்து, "அவள நாம சேக்குறதா? அவதாண்டா நம்மளச் சேத்துக்கணும்!" என்றார். கூரை அதிரக் கைதட்டினார்கள்.

டாஸ்மேனியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஜூன் விழாவுக்கு நாற்பத்தோரு குடும்பங்கள் வருகின்றன. கல்லில் அந்த முதலெழுத்தை ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். கல்லையே மாற்றச் சொல்லிவிட்டேன். புதுக் கல்லில் ஆப்ரகாமும் ஜோனாஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள், அடுத்த வரியில் உங்கள் அப்பா. திரையை நீங்கள்தான் விலக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அக்கா, வெட்கமாகவும் இருக்கிறது.

அலுவலகத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் புதிதாகக் கையெழுத்துப் போடப் பழகுகிறேன்.

உங்கள் தம்பி,
பெர்சிவல் ஏக்கன்ஷா