மெஷின் கட்டின நாள்

19 ஜனவரி 2012

இன்றைக்கும் வந்தது. எங்கள் டிபன் கடையில் இட்லிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கும்போது நெஞ்சுக்குள்ளே தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்ததும் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கல்லாவிலிருந்து என் வீட்டுக்காரர் லூர்துநாதன் கத்துகிறார்: "மேரி, ரெண்டு செட் பூரி, ஜல்தி!" உள்ளே ஆள் இருக்காளா செத்தாளான்னு ஒரு எட்டு வந்து பார்த்தா என்ன?

திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டது. எப்போதும் இதே கதைதான். டாக்டர் சீனுவாசன் ஈசிஜி எடுத்தார். நன்றாக இருக்கிறதாம். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மெஷின் கட்டிப் பார்க்கலாம் என்றாராம். "என்றாராம்" என்று எழுதுகிறேன், ஏனென்றால் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கூட வந்த வீட்டுக்காரரிடம்தான் பேசினார். நோவு எனக்கு, பேச்சு அவரோட!

24 ஜனவரி

மெஷின் கட்டியாயிற்று. மார்பில் அங்கங்கே ஒட்டி, ஒயர் இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. "டாக்டர் ரெஸ்ட்ல இருக்கச் சொன்னாரு" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். விழுப்புரத்திலிருந்து நாத்தனார் அக்னஸ் பையோடு வந்து இறங்கிவிட்டாள். "அண்ணி, அசையாதீங்க, ஒயர் புடுங்கிக்கும்."

கடையை அவளும் அண்ணனும் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் படுக்கையிலேயே கஞ்சி. பக்கத்து வீட்டு கெங்கம்மாள் ஆப்பிளோடு வந்து, பெட்டியைத் தொட்டுக் கும்பிடாத குறை. மகள் டயானா பிறந்தபோதுகூட என்னை இப்படிப் படுக்க விட்டதில்லை. நன்றாகத் தூங்கினேன்.

27 ஜனவரி

ஒன்றுமில்லையாம். மெஷினில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். மனசுதான் காரணமாம்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி வீட்டுக்காரர் சொல்கிறார்: "உனக்கு ஒண்ணுமில்ல மேரி. சும்மா பயந்துக்கினு இருக்க." கடைக்கு வந்ததும் கல்லாவில் குந்திக்கொண்டு பார்சல் வாங்க வந்தவனிடமெல்லாம் அதையே சொன்னார். சிரிப்பு வேறு. சட்னிக் கரண்டியை எடுத்து எறியலாம் போல இருந்தது.

5 பிப்ரவரி

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம். மாவுக் குண்டானைத் தூக்கினேன், வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "மனசு."

28 பிப்ரவரி

இரண்டாவது தடவை மெஷின். மறுபடி அக்னஸ், மறுபடி கஞ்சி, மறுபடி ஆப்பிள். மறுபடியும் ஒன்றுமில்லை. இந்தத் தடவை டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மெஷினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே கிரைண்டர் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்தேன். அதுக்குக் கண்ணா இருக்கு, மெஷின் இருக்கிற நாள் பார்த்து ஒளிஞ்சிக்க? இல்லை, நிஜமாகவே எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா?

17 ஏப்ரல்

எழுத எழுதப் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. நோயினால் இல்லை. கோபத்தில்.

இன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் தனியாக விழுப்புரம் போனேன். இன்னொரு தடவை கட்டுங்கள் என்று டாக்டரிடம் நின்றேன். சலித்துக்கொண்டே சரி என்றார். மெஷின் கட்டுகிற நர்ஸ் வெண்ணிலா, சின்னப் பெண், ஒயரை ஒட்டிக்கொண்டே சொல்கிறாள்: "எப்பவும் செய்யற வேலை எல்லாம் செய்யுங்கம்மா. வேலை செய்யும்போது இருதயம் எப்படி இருக்குன்னுதான் பார்க்கணும். போன தடவையே டாக்டர் சார் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாரே, நானும் பக்கத்துல இருந்தேனே."

கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மழுப்பவில்லை, நிதானமாகச் சொல்கிறார்: "சொன்னாருதான். அதுக்குன்னு மெஷினைக் கட்டிக்கினு பொம்பள மாவாட்டுவாளா? பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க? பொண்டாட்டி சாவக் கிடக்கிறா, வேலை வாங்கறான்னு சொல்ல மாட்டாங்க?"

அட ஆண்டவரே! மெஷின் இல்லாத நாளெல்லாம் வேலை வாங்கினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்! பெட்டி தெரிஞ்சாத்தான் நோயாளி. பெட்டியைக் கழட்டிட்டா நான் பழையபடி கிரைண்டர். அந்த மெஷின் ரெண்டு தடவையும் பார்த்தது என் இருதயத்தையா? விருந்துக்கு வந்தவ மாதிரி படுத்துக்கினு கஞ்சி குடிச்சவளோட இருதயத்தை! அதைப் பார்த்துட்டு எனக்கு மனசு சரியில்லைன்னு எழுதிட்டாங்க. தூக்க மாத்திரை வேற. கேட்க ஒரு நாதி இல்லை, டாக்டர் நேரா என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தா என்ன, எனக்கென்ன காதா கேட்காது?

18 ஏப்ரல்

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லா வேலையும் செய்தேன். அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். காலை இட்லி ஈடு முடிவதற்குள் வந்தது. பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லியிருந்தாள் வெண்ணிலா. உயிர் போகிற மாதிரி அடிக்கும்போது அமுக்கினேன். சிரிப்பு வந்தது எனக்கு. வாடி மாட்டினியா.

20 ஏப்ரல்

டாக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கோழி கிண்டின குப்பை மாதிரி கோடு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இருதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்குகிறதாம். விட்டால் உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாமாம். பக்கவாதம்! நான் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேனே, அப்போது வந்திருந்தால்?

"நல்ல வேளை வந்தீங்க" என்றார். நானா வந்தேன், உங்க ரெண்டு பேரையும் மீறி வந்தேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பாழாய்ப்போன மரியாதை.

22 ஆகஸ்ட்

மாத்திரைகள் கேட்கவில்லை. ஒன்று தலை சுற்ற வைக்கிறது, ஒன்று வாந்தி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறதாம். தொடை நரம்பு வழியாக இருதயத்துக்குள்ளே மெல்லிய ஒயரை விட்டு, கோளாறு கிளம்புகிற இடத்தைச் சுட்டுவிடுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை என்னிடம் சொன்னார்.

11 செப்டம்பர்

சென்னை. ஸ்கேன் எடுத்து என் இருதயத்தின் மேல் அறையை மட்டும் தனியாகக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். நுரையீரலிலிருந்து வருகிற நாலு குழாய். பசு மடியும் காம்பும் மாதிரியே இருக்கிறது. அந்தக் காம்புகளின் அடியைச் சுற்றித்தான் சுடுவார்களாம். படத்தை வைத்துக்கொண்டு போனால் ஒயர் இடம் தவறாமல் போகிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி டாக்டர் டயானா வயசுப் பையன். எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே விளக்குகிறான். "சார், உங்க வைஃபுக்கு..." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, இருதயம் இங்க இருக்கு. இங்க பார்த்துப் பேசுங்க" என்றேன். பையன் முகம் சிவந்துபோனான். பிறகு ஒழுங்காகச் சொன்னான்: சரியாகும் என்று உறுதி இல்லை, இரண்டாவது தடவை தேவைப்படலாம், இருதயத்தில் ஓட்டை விழுகிற ஆபத்தும் கொஞ்சம் உண்டு. கேட்டுக்கொண்டு நானே கையெழுத்துப் போட்டேன். வேலை என்ற இடத்தில் "ஹவுஸ்வைஃப், லேசான வேலை" என்று எழுதியிருந்தான். அடிக்கச் சொன்னேன். டிபன் கடை, கனமான வேலை.

பஸ்ஸில் திரும்பும்போது வீட்டுக்காரர் செங்கல்பட்டு தாண்டினதும் கேட்கிறார்: "ஓட்டை விழும்னானே... நெசமாவா?" பயந்திருக்கிறார். படட்டும்.

9 அக்டோபர்

சுட்டாயிற்று. உயிரோடு இருக்கிறேன். காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்லி என்னிடமே சொன்னார்கள். படுத்தேன்.

14 நவம்பர்

இன்னும் நடுநடுவே படபடக்கிறது. போன் செய்தால், முதல் மூன்று மாசத்தில் வருவதை ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லையாம், சுட்ட புண் ஆற வேண்டுமாம். நல்ல கதை. உங்கள் கணக்கில் சேராவிட்டால் எனக்கு வலிக்காதா?

16 ஏப்ரல் 2013

ஆறு மாசம் முடிந்து மறுபடி மெஷின், விழுப்புரத்திலேயே வெண்ணிலா கட்டினாள். இதில் பிடிபட்டால் மறுபடி சுட வேண்டும்.

நான் உள்ளே வரும்போது அவர் அக்னஸிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நீ வராத. அண்ணி வேலை செய்யணும்." நான் மாவு தூக்கினேன், தண்ணீர் தூக்கினேன், குண்டான் இறக்கினேன். கெங்கம்மாள் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டாள்: "ஒயரைக் கட்டிக்கினு அவ மூட்டை தூக்குறா, இவன் ஜம்முன்னு கல்லாவுல குந்திக்கினு இருக்கான். மனுசனா இவன்?" சாப்பிட வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது வரைக்கும் கறுத்துப்போனார். ஆனால் எழுந்து வந்து என்னைப் படுக்கச் சொல்லவில்லை. பேச்சை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்கட்டும், நான் வாங்காததா?

19 ஏப்ரல்

அந்தத் தாறுமாறுக் கோடு ஒரு இடத்தில்கூட இல்லை. வெண்ணிலா காகிதத்தை முழுக்கப் புரட்டிக் காட்டினாள். இப்போதெல்லாம் மெஷின் கட்டிக்கொள்ள வருகிறவர்களிடமே, எப்போதும் போல வேலை செய்யுங்கள் என்று நேராகச் சொல்கிறாளாம். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எதற்கென்று தெரியவில்லை, சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி.

12 மே

மெஷின் இல்லை, நோயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெரிய குண்டானை இறக்கக் குனிந்தேன். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு அவர் உள்ளே வந்து எதிர்ப்பக்கத்துப் பிடியைப் பிடித்தார். துணிகூட எடுக்கவில்லை.

"ஜல்தி இறக்கு மேரி, கை சுடுது!"

சுடுதாம். கல்யாணமான நாளா எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சாக்கும்.

மெதுவாகத்தான் இறக்கினேன்.