குளம் வற்றுவதற்குள் ஒரு பாய்ப்படகு

6 ஜனவரி 1998, செவ்வாய்

காலையில் நல்ல பனி. லீவு முடிந்து பள்ளிக்கூடம். திருத்த வேண்டிய நோட்டு இரண்டு கட்டு பாக்கி.

படகு கொல்லையில் குப்புறக் கிடக்கிறது. தம்பி பீட்டர் கொடைக்கானலிலிருந்து தன் லாரியில் முட்டைக்கோஸ் லோடுக்கு மேலே கட்டிக் கொண்டுவந்து இறக்கியது. யாரோ பழைய பங்களாவைக் காலி செய்தபோது தூக்கிப் போட இருந்தார்களாம். இரண்டு ஆள் உட்காரலாம். பாய் முழுக்க எலி கடித்தது. பாய்மரத்தில் விரிசல். அடியில் இரண்டு இடத்தில் விரலை வைத்தால் உள்ளே போகிறது.

இவரிடம் காட்டினேன். நேவியில் பதினைந்து வருஷம். பாய்ப்படகுப் போட்டியில் வாங்கிய கோப்பைகள் அலமாரியில் இன்னும் இருக்கின்றன. ஜன்னல் வழியாக ஒரு பார்வை. "எதுக்கு இது?" அவ்வளவுதான். திரும்ப கிரிக்கெட்.

ரிட்டயர் ஆகி வந்து மில்லில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். யாரோ சின்னப் பையன் ஆபீசர் சல்யூட் சரியில்லை என்று சொல்லிவிட்டானாம். ஜூனில் விட்டவர்தான். அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட நான் தனியாகத்தான் போனேன். கேட்பவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்தப் படகாவது இவரை நாற்காலியிலிருந்து எழுப்பாதா என்றுதான் பீட்டரிடம் கேட்டு வாங்கினேன். வேறு வழி தோன்றவில்லை.

8 ஜன., வியாழன்

செய்ய வேண்டியவை: ஆசாரி. பாய்க்குத் துணி. கயிறு. பெயிண்ட். இவரோடு சண்டை போடாமல் இருப்பது.

சாயங்காலம் தாடிக்கொம்பு பஸ்ஸில் போய்க் குளத்தைப் பார்த்து வந்தேன். இந்த வருஷம் நிரம்பி வழிந்து மறுகால் போன குளம். இப்போது வயலுக்கு மடை திறந்துவிட்டார்கள். மடைக்காரரிடம் எத்தனை நாள் தண்ணி நிற்கும் என்று கேட்டேன். "மாசிக்கு மேல இதுக்குள்ள மாடு மேயும் டீச்சர்" என்றார். அதற்குள் முடித்தாக வேண்டும். அடுத்த வருஷம் மழை எப்படியோ, இவர் எப்படியோ.

11 ஜன., ஞாயிறு

வெயில். முருகேசன் ஆசாரி வந்தார். லாரிக்கு பாடி கட்டுகிறவர், பீட்டருக்குப் பழக்கம். படகைக் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். எனக்கும் அப்படித்தான் என்றேன். இரண்டு பேருமாகத் தட்டித் தட்டிப் பார்த்தோம்.

எது எங்கே வரும் என்பதற்கு என்னிடம் இருப்பது ஆல்பத்தில் ஒரே ஒரு போட்டோ. விசாகப்பட்டினத்தில் இவர் படகோட்டும்போது எடுத்தது. இடது பக்கம் மட்டும்தான் தெரிகிறது. வலது பக்கக் கயிறு எங்கே போகிறது என்று இவரிடம் கேட்டேன்.

"எங்கயாச்சும் கட்டு."

சோற்றுத் தட்டை ஓங்கி வைத்துவிட்டு வந்தேன்.

14 ஜன., புதன்

பொங்கல் லீவு. நேற்று பாய் வந்தது. தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்தது தப்பு. மூன்று பக்கமும் நெருக்க நெருக்கப் பித்தளை வளையம் அடித்து வைத்திருக்கிறார். கேட்டால், கண்ணு வச்சு இறுக்கிக் கட்டாவிட்டால் காற்று தூக்கிவிடும் என்கிறார். காற்று தூக்கத்தானே பாய்! யாரிடம் சொல்லி அழ.

பாய்மரத்தை இழுத்துக் கட்ட போர்வெல் மோட்டார் இறக்குகிற கம்பிவடம். பீட்டர் கொண்டு வந்தான். முறுக்கி இறுக்கியதில் மரம் ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. தளர்த்தினால் ஆடுகிறது. கையெல்லாம் கீறல். இவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார், போனார்.

19 ஜன., திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆசாரி முடித்தே விட்டார். நல்ல வேலை. கையால் தடவினால் கண்ணாடி.

ஓட்டையெல்லாம் அடைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். படகின் நடுவில் குறுகலாக ஒரு மரப்பெட்டி இருந்தது, அதற்கு அடியே கிடையாது, குனிந்து பார்த்தால் தரை தெரியும். அதற்கும் அடி வைத்து, பசை போட்டு அடைத்துவிட்டார். "அடியில இம்புட்டு நீளத்துக்கு ஓட்டைய வச்சுக்கிட்டு எப்பிடி டீச்சர் மெதக்கும்?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மேலே மூடி செய்து, பூட்டு மாட்டக் கொண்டியும் வைத்திருக்கிறார். திண்டுக்கல்காரர் அல்லவா. சாவி, டிபன் பாக்ஸ் வைத்துக்கொள்ளலாம்.

கூட வந்த நீளமான கனத்த பலகை எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. துவைக்கிற கல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். நிற்க வசதி.

25 ஜன., ஞாயிறு

 இன்றே எழுதிவிட வேண்டும்.

பூசை முடிந்து பீட்டர் லாரியோடு வந்தான். கிளீனர் வரவில்லை, பின்னால் பாய்மரத்தைப் பிடிக்க ஆள் இல்லை. இவரைக் கூப்பிட்டேன். அசையவில்லை. கொல்லையில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூச்சத்தில்தான், கைலியோடு வந்து ஏறினார். குளக்கரையில் இறங்கமாட்டேன் என்று கேபினில் போய் உட்கார்ந்துகொண்டார். சரி, போ என்று நானே படகில் ஏறினேன். பீட்டர் தள்ளிவிட்டான்.

மிதந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம்தான். பாயில் காற்று பிடித்ததும் முன்னால் போகாமல் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் நண்டு மாதிரி ஒரே பக்கம். தண்ணீருக்குள் நிற்கிற சீமைக்கருவேல மரத்தில் போய்ச் சொருகியது. முள். பாய் கிழிகிற சத்தம்.

அப்போது கரையிலிருந்து ஒரு குரல். "பலகைய எறக்குடி! பலகைய எறக்கு!"

இவர் குரல். இவ்வளவு சத்தமாகக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. எந்தப் பலகை என்று நானும் கத்தினேன். கைலியோடு தண்ணீரில் இறங்கி வந்தார். நெஞ்சு வரை தண்ணீர். படகுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். முகம் மாறியது. மேலே வந்து நடுப்பெட்டி மூடியைத் திறந்தார். உள்ளே என் டிபன் பாக்ஸ்.

துவைக்கிற கல் பக்கத்தில் கிடக்கிற பலகையை அந்தப் பெட்டி வழியாகத்தான் தண்ணீருக்குள் இறக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் படகு சறுக்கிக்கொண்டேதான் போகுமாம்.

"கொண்டி வேற வச்சிருக்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். முள்ளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தினமும் அதே கொல்லை வழியாகத்தானே குளிக்கப் போனீர்கள், அடைத்ததை ஒரு நாளாவது பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

 பாயில் மாட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"பாக்கலடி. எதையுமே பாக்கல."

27 ஜன., செவ்வாய்

மேகமூட்டம். வீட்டில் உளிச் சத்தம். ஆசாரி அடைத்ததை இவர் உடைக்கிறார். ஆசாரி வந்து பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பத்து வருஷம் அசையாத அடைப்பாம். அப்புறம் அவரே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

நான் கட்டின முடிச்சு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். ஒன்றுகூடத் தேறாதாம். அதைக் கட்டும்போது என் விரல் கிழிந்ததை யார் கேட்டார்கள். முள்ளில் கிழிந்த பாயை நான்தான் ஒட்டுப் போட்டுத் தைத்தேன்.

குளத்தில் படித்துறையின் கீழ்ப்படி தெரிய ஆரம்பித்துவிட்டது என்று பீட்டர் சொன்னான்.

31 ஜன., சனி

மறுபடி லாரி, குளம். என்னையும் ஏற்றிக்கொண்டார். இந்தப் பக்கம் உட்கார், அந்தப் பக்கம் சாய், குனி. குனிவதற்குள் பாயின் கீழ்க்கட்டை வந்து தலையில் இடித்தது. பட்டாணி அளவு வீக்கம். கரைக்குக் கொண்டுவந்து, "நீ எறங்கு, ஒனக்கு வராது" என்றார். ஒரு மாதம் உழைத்தவள் நான். சேற்றில் செருப்போடு இறங்கி நடந்து வந்தேன். வழியெல்லாம் தேர்தல் மைக் சத்தம். அழுகையாக வந்தது.

படகை மடைக்காரர் பொறுப்பில் அங்கேயே விட்டு, பீட்டரோடு லாரியில் திரும்பி வந்தார். 

3 பிப்., செவ்வாய்

எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. டி.வி. முன்னால் இல்லை. கேட் திறந்து கிடக்கிறது, சைக்கிளைக் காணோம்.  எட்டு மாதமாக எங்கும் போகாத மனுஷன். என்னென்னவோ நினைத்துவிட்டேன். எழுத மனம் வரவில்லை.

பஸ் பிடித்துக் குளத்துக்குப் போனேன். ஓரமெல்லாம் சேறு, நடுவில்தான் தண்ணீர். அந்த நடுவில் பாய் தெரிந்தது, என் தையல் ஒட்டோடு. கையைத் தட்டிக் கூப்பிட்டேன். சாப்பிட்டீர்களா என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. காதில் விழவில்லையா, விழுந்தும் வரவில்லையா தெரியவில்லை. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதும், மறுபடி போவதுமாக இருந்தார். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் நிம்மதி. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நேரம் போனது தெரியவில்லை.

முதல் பீரியட் போய்விட்டது. ஹெச்.எம். சிஸ்டர் ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்டார். என் வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார் சிஸ்டர் என்றேன்.

"இதெல்லாம் ஒரு காரணமா டீச்சர்?" என்றார்.