தண்ணியை விட்டாச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் உடம்பும் அம்மாவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? வீட்டுக்கு அனுப்பாமல் பட்டறை முகவரிக்கு எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

சித்தப்பா பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். பட்டறை முதலாளி கொடுத்த பரிசு, எனக்கு இனி எதற்கு, மூடியைத் திறந்து மோந்து மட்டும்தான் பார்த்தேன், ருசி எப்படி என்று நீ எழுதினால் போதும் என்று கூடவே வந்த கடிதத்தில் சொல்லியிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: தண்ணியை விட்டாச்சும்மா. அதைப் படித்து அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சரக்கை ருசி பார்த்துத் துப்புவதற்கு ஒரு உத்தியோகமா என்று நீங்கள்தான் எல்லோரிடமும் என்னைக் கேலி செய்வீர்கள். அந்த உத்தியோகத்தை உங்கள் பாட்டிலுக்கும் செய்தேன். இது போர்பன் விஸ்கி. மக்காச்சோளம்தான் பிரதானம். ஆனால் இதில் ரை என்ற தானியத்தை வழக்கத்தைவிடத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். சோளம் இனிப்பு, ரை காரம். முதலில் பாகு காய்ச்சுகிற வாசனை வரும், அப்புறம் மரம். பிறகு மிளகும் கிராம்பும் நாக்கின் ஓரத்தில் ஏறி, துப்பிய பிறகும் நிற்க வேண்டும்.

உங்கள் பாட்டிலில் அது நிற்கவில்லை. காரம் எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. கோப்பையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை மலரும், அது எங்கள் வழக்கம். விட்டேன். மலர எதுவும் மிச்சமில்லை.

என் நாக்கின் மேல் பழியைப் போட முடியுமா என்றுகூடப் பார்த்தேன் அப்பா. எதுவும் சொல்லாமல் எங்கள் மேலாளரிடம் ஒரு கோப்பையை நீட்டினேன். ஒரு வாய் வைத்தவர், இதுல எவனோ தண்ணியை விட்டிருக்கான், பாட்டிலையே குளிப்பாட்டிட்டான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் எழுதியதும் அவர் சொன்னதும் ஒரே வார்த்தைதான்.

பாட்டில் கழுத்துவரை சரியாக நிறைந்திருந்தது. எவ்வளவு கவனமாக ஊற்றியிருப்பீர்கள் என்று நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. இனி தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றுதான் புரியாமல் இருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம், கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரிந்த மகளுக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று. கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அனுப்பினீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் அப்படியே இருக்கட்டும்.

அம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன், இரண்டு பேருமாக டாக்டரிடம் போவோம். சண்டை போட வரவில்லை. அதுவரைக்கும் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

பெரியவர்கள்தான் சின்னவர்களை வாழ்த்த வேண்டும். இந்த ஒரு தடவை முறையை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் அப்பா.

உங்கள் மகள்