பாத்திரத் துணியில் பச்சைக் கறை

டேய் தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்.

பாத்திரம் துடைக்கிற துணி பிசுபிசுக்கிறதே என்று காலையில் முகர்ந்து பார்த்தேன். தித்திப்பு வாசனை, பச்சைக் கறை. என்ஜின் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற கூலண்ட்! அம்மாவைக் கேட்டால், "தினமும் காலைல அதை வெச்சுத்தான் என்ஜினைத் துடைக்கிறான், பாவம்" என்கிறாள். அது விஷம்டா. அதே துணியால்தான் நம் தட்டுகளையும் துடைத்திருக்கிறோம். சீ!

உடனே போய் பானெட்டைத் திறந்தேன். உன் துணி எட்டாத இடத்தில், என்ஜினுக்குப் பின்னால், ஹீட்டர் ஹோஸ் குழாயை இறுக்குகிற கிளிப்புக்கு அடியில் காய்ந்த பச்சைத் தடம். இரவில் வண்டி ஆறும்போது அங்கேதான் கசிகிறது. நான் கசிவைத் தேடி டார்ச்சோடு வருவதற்குள் நீ பளபளவென்று துடைத்து வைத்துவிடுகிறாய். துணி பச்சையாகிறதே என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, வெளியே துளிகூட இல்லை, அப்படியானால் என்ஜின் உள்ளேதான் குடிக்கிறது என்று நம்பி, போன வாரம் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டை மறுபடி கழற்றினேன். உள்ளே கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லை. நீயோ ரேஸ் கூட்டாளிகளிடம், "அக்கா கட்டின என்ஜின், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் திரிந்தாய்.

துணியைக் குப்பையில் போட்டுவிட்டேன். கார் சாவி என்னிடம் இருக்கிறது, தேடாதே.

பி.கு: கிளிப்பைப் பூட்டியது யார் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் என்ஜினைக் கட்டிய இரண்டு தடவையும், "இதையாவது என்கிட்ட விடுக்கா" என்று ஸ்குரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டாயே!